கல்லறைகள் யாருடையவை?

இறந்தவன் தானாகப் படுத்துக்கொள்வதில்லை. இருப்பவர்களே அவனைப் படுக்க வைக்கின்றனர். எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி, எந்தக் கல்லின் கீழ், என்ன பெயரோடு என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் இருப்பவரே. ஆதலின் ஒரு நாட்டின் கல்லறைகளை வாசிப்பவன், செத்தவரின் கதையோடு அவரைப் புதைத்த சமுதாயத்தின் அமைப்பையும் சேர்த்தே வாசிக்கின்றான். ஆலயத்தையும் அரண்மனையையும் இலக்கியத்தையும் சமுதாயக் கண்கொண்டு நோக்கப் பழகிவிட்ட நாம், கல்லறையை மட்டும் ஏனோ பக்திக்கும் பயத்துக்கும் உரியதாக விட்டுவைத்திருக்கிறோம். அந்த இடத்தையும் சற்று நெருங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரான்சு நாட்டின் சிற்றூர்த் தேவாலயங்களிலிருந்து தொடங்குவோம். இணுவிலில் வாழும் நமக்கு இன்று அது தொலைதேசம் அன்று. 1983இன் பின் இக்குடாநாட்டிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல பாரிசிலும் அதன் வடபுறத்து நகரங்களிலும் குடியேறியுள்ளன. நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியிலிருந்து சிறிது தூரம் வடக்கே சென்றால் சென்தெனி. பிரெஞ்சு அரசர்கள் தலைமுறை தலைமுறையாகப் புதைக்கப்பட்ட பேராலயம் அங்கேதான் உள்ளது. அரசருக்கு அப்பேராலயம் எப்படியோ, கிராமத்துப் பிரபுவுக்கு அவனுடைய ஊர்த் தேவாலயம் அப்படி.

மத்திய காலத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து, பிரெஞ்சு நாட்டில் இறந்தவரின் உருவத்தையே கல்லில் வடித்துக் கல்லறையின்மேல் கிடத்தும் வழக்கம் வளர்ந்தது. மல்லாந்து கிடக்கும் முழு உருவம். நெஞ்சின்மேல் கூப்பிய கைகள். ஆணாயின் கவசமும் வாளும், காலடியில் பெரும்பாலும் ஒரு சிங்கம். பெண்ணாயின் நீண்ட அங்கி, காலடியில் ஒரு சிறு நாய். பல உருவங்களின் கண்கள் திறந்தே இருக்கும். உயிர்த்தெழும் நாளை எதிர்நோக்கி அவர் காத்துக் கிடக்கின்றார் என்பது கருத்து. 'கிடப்போர்' என்று பொருள்படும் ஒரு சொல்லாலேயே இவ்வுருவங்களை அந்நாட்டார் குறிப்பர். அரசர்க்கும் ஆயர்க்கும் உரியதாய்த் தொடங்கிய இவ்வழக்கம் படிப்படியாகச் சிற்றூர் நிலப்பிரபு வரை இறங்கி வந்தது. அதற்குக் கீழே அது இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதற்குத் தேவாலயத்தின் அமைப்பே விடை கூறும். பலிபீடத்துக்கு அண்மையில் அடக்கம் செய்யப்படுவது பிரபுவின் உரிமை. அவன் இறந்ததும் தேவாலயச் சுவரைச் சுற்றி ஒரு கரிய பட்டை தீட்டப்படும். இடையிடையே அவனுடைய குலச்சின்னம் வரையப்படும். கடவுளின் வீட்டுக்கே பிரபு துக்க உடை அணிவித்தான் என்க. உள்ளே இவ்வாறிருக்க, அவனுடைய வயலை உழுது அவனுக்கு இறை செலுத்திய குடியானவன் வெளியே புல்தரையில் பெயரின்றிப் புதைந்தான். புதிய பிணத்துக்கு இடம் தேவைப்பட்டபோது அவனுடைய எலும்பு தோண்டி எடுக்கப்பட்டுப் பொது எலும்புக் குவியலிலே சேர்ந்தது. உயிரோடிருந்தபோது மாளிகைக்கும் குடிசைக்கும் இடையே இருந்த தூரம், இறந்தபின் பலிபீடத்துக்கும் புல்தரைக்கும் இடையே இருந்தது.

பிக்கார்டிப் பகுதியில் ஃபொல்வில் என்றொரு சிறு கிராமம் உண்டு. அதன் தேவாலயத்தில் ராவுல் த லன்னுவா என்னும் பிரபுவும் அவர் மனைவி ஜான் த புவாவும் சலவைக் கல்லில் அருகருகே கிடக்கின்றனர். அரசன் பன்னிரண்டாம் லூயி, தன்னை எதிர்த்தெழுந்த இத்தாலிய நகரமான ஜெனோவாவை 1507இல் படைகொண்டு அடக்கினான்; அந்நகரின் ஆளுநராக அமர்த்தப்பட்டவர் இந்த ராவுல். அவ்வேளையிலேயே ஜெனோவாவில் தொழில் செய்த அன்டோனியோ டெல்லா போர்ட்டா முதலிய சிற்பிகளைக் கொண்டு அவர் தம் கல்லறையைச் செய்வித்தார். அடக்கப்பட்ட ஊரின் உளி, அடக்கியவனின் உருவத்தைச் செதுக்கிற்று. கடலும் தரையும் கடந்து அது ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் சுவரிலே பதிந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1617இல், அதே தேவாலயத்தில் நின்று வின்சென்ட் த போல் என்னும் குரு நாட்டுப்புறத்து ஏழைகளுக்கு நிகழ்த்திய பிரசங்கமே அவருடைய வாழ்நாட் பணிக்குத் தொடக்கமாயிற்று என்பர். அவர் பெயரால் அமைந்த சபைகள் நம் நாட்டிலும் ஏழைகளுக்கு உதவி வருகின்றன. அப்பிரசங்கத்தைக் கேட்டு நின்ற குடியானவர் ஒருவருக்கேனும் அங்கே கல் இல்லை.

இன்னொரு கல்லறை, பர்கண்டி நாட்டுப் பிரபு பிலிப்பு போவுக்கு உரியது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்டது. முன்பு சீத்தோ மடாலயத்தில் இருந்தது, இன்று பாரிசின் லூவர் அரும்பொருட் சாலையில் உள்ளது. கவசம் அணிந்த பிரபு ஒரு கற்பலகைமீது கிடக்கின்றார். அப்பலகையை எட்டு உருவங்கள் தோளிலே தாங்கி நடக்கின்றன. எட்டும் கருநிற முக்காடிட்டவை, முகம் தெரியாது. ஒவ்வொன்றின் கையிலும் பிரபுவின் முன்னோர் குலச்சின்னம் ஒன்று தொங்குகிறது. சுமப்பவருக்கு முகம் இல்லை, சுமக்கப்படுபவருக்கோ எட்டுக் குலச்சின்னங்களின் பெருமை. நம் ஊர்ச் சாவீட்டை அறிந்தோர்க்கு இச்சிற்பம் புதுமையாகத் தோன்றாது. நிலபாவாடை விரிக்க ஒரு சாதி, பறை முழக்க ஒரு சாதி, சுடலையில் விறகு அடுக்க ஒரு சாதி எனப் பிணத்தின் பின்னும் குடிமைமுறை நடந்த நாடு இது. பாடையில் கிடந்தவரின் பெயரை ஊர் அறிந்தது. பாடையைச் சூழ்ந்து நின்ற உழைப்பின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இத்தகைய அமைப்பு என்றாவது ஒருநாள் வெடிக்கவே செய்யும். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பிரபுக்களின் சிறப்புரிமைகள் ஒழிந்தன. அவற்றோடு தேவாலயச் சுவரின் கரிய பட்டையும் ஒழிந்தது. 1793 ஆகத்தில், புரட்சிச் சபையின் ஆணைப்படி, சென்தெனியின் அரச கல்லறைகள் தகர்க்கப்பட்டன. அக்டோபரில் அரசரின் உடல்கள் தோண்டப்பட்டுப் பொதுக்குழியில் எறியப்பட்டன; ஈயப் பெட்டிகள் உருக்கப்பட்டு எல்லையிலே போரிட்ட படைக்குக் குண்டாயின. கிராமங்களிலும் கற்பிரபுக்களின் மூக்கும் கையும் உடைந்தன. நூற்றாண்டுக் கணக்கில் வரி கொடுத்து மெலிந்தவனின் கோபம் அது. அக்கோபத்தின் நியாயத்தை மறுப்பவர் நிலமானியக் கொடுமையை அறியாதவர் ஆவர்.

ஆயினும் அக்கோபத்தின் நடுவே புரட்சியின் உள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. அது ஆன்றி கிரெகுவாரின் குரல். எம்பெர்மெனில் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாக இருந்தவர் அவர். முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று 1792இல் சபையிலே வாதாடியவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் அடிமை முறையின் ஒழிப்புக்காகவும் போராடியவர். அவரே 1794இல் கலைச்சின்னங்களை உடைப்பதற்கு எதிராக ஓர் அறிக்கையைச் சபைமுன் வைத்தார். 'வந்தாலிசம்' என்று உலகம் இன்று வழங்கும் சொல் அவர் நாவிலிருந்து பரவியது. பண்டைய கலைச்செல்வம் இனிப் பிரபுவுக்கு உரியதன்று, தேசத்தின் பொதுவுடைமை. அதை உடைப்பவன் மக்களின் சொத்தையே உடைக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். அலெக்சாந்தர் லெனுவார் என்பவர் சிதறிய கல்லறைகளைத் திரட்டி 1795இல் பாரிசில் ஒரு பொருட்காட்சிச் சாலையாகத் திறந்தார். அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே கேஞ்ஞியேர் என்பவர் ஓவியனை உடனழைத்து ஊர் ஊராகச் சென்று கல்லறைகளைப் படமெழுதுவித்திருந்தார். அழிந்துபோன கல்லறைகள் பலவற்றை இன்று உலகம் அப்படங்களாலேயே அறிகின்றது.

அடிமையை விடுவிக்க முயன்ற அதே மனிதர் பிரபுவின் கற்சிலையையும் காக்க முயன்றார் என்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். அதில் முரண் இல்லை என்பதற்கு நம் குடாநாட்டுக் கல்லறைகளே சான்று.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தனர். ஊர்தோறும் தேவாலயங்கள் எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் வந்து அத்தேவாலயங்களைத் தம் சமயத்துக்கு மாற்றிக்கொண்டனர். அவர்களுடைய குருவாக இங்கு வாழ்ந்த பிலிப்பு பால்தேயஸ், 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த தம் நூலில், தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, வட்டுக்கோட்டை, சங்கானை எனத் தேவாலயங்களை ஒவ்வொன்றாக வருணித்துள்ளார். அவற்றுள் இணுவிலின் அடுத்த ஊராகிய உடுவிலும் ஒன்று. முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அக்கட்டடங்களில் சங்கானையினது இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தேவாலயம், பள்ளிக்கூடம், திருமணப் பதிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

அவ்வூர்த் தேவாலயங்களில் பிரெஞ்சுக் கிராமத்திற் போலக் கற்பிரபுக்கள் கிடக்கவில்லை. காரணம் எளிது. நம் ஊர்களை ஆண்டவர் நம் ஊர்களில் வாழவில்லை. அவர்கள் கோட்டைக்குள் வாழ்ந்தனர். இறந்தும் கோட்டைக்குள்ளேயே கிடந்தனர். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவத்தில் ஒரு தேவாலயத்தைக் கட்டினர். அதன் தரையில் அதிகாரிகளும் அவர் மனைவி மக்களும் புதைக்கப்பட்ட இடங்களில் எழுத்துப் பொறித்த கற்பலகைகள் பதிந்திருந்தன. உருவச்சிலைக்குப் பதிலாகக் குலச்சின்னமும் பெயரும் பதவியும் அங்கே பேசின. இன்ன கொம்பனியில் இன்ன உத்தியோகம் வகித்தவர் என்பதை வானுலகத்துக்கும் அறிவிப்பதுபோல் அக்கற்கள் இருந்தன.

அக்கல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். நமக்குக் கருங்கல் இல்லை. கோயிலுக்காயினும் கல்லறைக்காயினும் வன்கல் வெளியிலிருந்தே வரவேண்டும். ஒல்லாந்தரின் ஆசியக் கல்லறைக் கற்கள் பல சோழமண்டலக் கரையிலே செதுக்கப்பட்டவை. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள ஒல்லாந்த இடுகாடுகள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அங்குள்ள கற்களில் எழுத்து குழியாக வெட்டப்படாமல், சுற்றியுள்ள பரப்பைத் தாழ்த்தி எழுத்தை மேடாக நிறுத்திய வேலைப்பாட்டைக் காணலாம். ஓரத்திலே நம் கோயிற் சிற்பத்துக்கு உறவான கொடியும் பூவும் படர்கின்றன. இத்தகைய கற்கள் அக்கரையிலிருந்து பத்தாவியா வரை கப்பலேறின. ஒல்லாந்த மொழியில் ஓர் எழுத்தும் அறியாத தமிழ்ச் சிற்பாசாரி ஒருவர், முன்வைத்த தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து உளியால் பிறப்பித்த வேலை அது. புதைந்தவரின் பெயரைக் காலம் காத்த பெருமை யாருடைய கைக்கு உரியது? அக்கைக்கு உரியவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல் கடந்து வந்த கடலை மனிதரும் கடந்து வந்தனர். 1694 முதல் 1696 வரை தஞ்சை நாட்டில் பஞ்சம் வாட்டியபோது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டு யாழ்ப்பாணக் கரையில் இறக்கப்பட்டனர். கொம்பனி அவர்கள்மேல் தலைக்கு வரி அறவிட்டது. கோட்டைத் தேவாலயம் எழுந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைச் சரிபார்த்து ஒப்பினர். 1707இல் அது தேசவழமைச் சட்டமாயிற்று. அச்சட்டத்தில் நிலத்தைப் பற்றியும் சீதனத்தைப் பற்றியும் விதிகள் உள்ளன. அவ்வாறே அடிமைகளைப் பற்றியும் விதிகள் உள்ளன. இன்னின்ன சாதியார் அடிமைகள் என்றும், எசமானுக்கு அவர் கடமை இன்னதென்றும், அவர்தம் பிள்ளைகள் யாரைச் சேர்வர் என்றும் அதில் எழுதப்பட்டது. அடிமைமுறை இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது 1844இல். இடையே கழிந்தவை நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள்.

ஒரே காலத்தில் எழுந்த தேவாலயத்தையும் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஓர் அதிகாரியின் பெயர் கல்லில் மேடாக நின்றது; ஓர் அடிமையின் பெயர் எழுதப்பட்டதாயின் அது உடைமைக் கணக்கிலும் தோம்பிலும் மட்டுமே. அதிகாரியின் கல்லை உடைத்துவிட்டால் அடிமைக்கு என்ன கிடைக்கும்? அவனை ஒடுக்கியவன் இங்கு வாழ்ந்தான், இன்ன ஆண்டில் இறந்தான், இத்தனை ஆடம்பரத்தோடு புதைந்தான் என்னும் சான்றும் போய்விடும். கல்லறை, அதில் கிடப்பவனுக்காகச் செய்யப்பட்ட புகழ்மொழி. சரியாக வாசிக்கத் தெரிந்தவனுக்கோ அது அவனுக்கு எதிரான சாட்சி. கிரெகுவார் இதனை அறிந்திருந்தார். கோட்டைத் தேவாலயம் 1990இன் முற்றுகையிலும் அதன்பின் வந்த போரிலும் இடிந்து கற்குவியலாயிற்று. அந்நியன் கட்டியது அழிந்தது என்று மகிழ்வோர் உளர். நமக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அது நம் முன்னோரின் ஊழியத்தால் எழுந்த கட்டடம். அவர்தம் உழைப்புக்கு எஞ்சியிருந்த அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

இனி இணுவிலை நோக்குவோம். இங்கே அரசர் சிலை எதுவும் இல்லை. ஆனால் அரசர் பெயர் இருக்கிறது. பரராசசேகரப் பிள்ளையார், செகராசசேகரப் பிள்ளையார் என இரு கோயில்கள் யாழ்ப்பாண மன்னர் மாறிமாறிச் சூடிய பட்டப்பெயர்களைத் தாங்குகின்றன. பிரெஞ்சுப் பிரபு தன் உடலைக் கடவுளின் பக்கத்தில் கிடத்தினான். நம் மன்னன் தன் பெயரைக் கடவுளின் பெயரோடு ஒட்டினான். உடல் எரிந்து போகும் நாட்டில் பெயரே சிலை. இன்னொரு நினைவு இளந்தாரி கோயில். ஊரிலே வாழ்ந்த இளைஞன் ஒருவன் தெய்வமாகி நின்றான் என்பது மக்கள் வழக்கு. ஒல்லாந்தர் காலத்தவரான இணுவில் சின்னத்தம்பிப் புலவரின் பஞ்சவன்னத்தூது அவ்விளந்தாரியைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. கோட்டைக்குள் கற்பலகைகள் பதிந்துகொண்டிருந்த காலத்தில், கோட்டைக்கு வெளியே ஓர் ஊர் தன் நினைவைக் கல்லில்லாமல் கதையிலும் பாட்டிலும் வைத்துக் காத்தது. இவற்றோடு 1898இல் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இவ்வூரில் திறந்த மக்லியொட் மருத்துவமனையையும் எண்ணிப் பார்க்கலாம். மக்லியொட் யார் என்று கேட்டால் விடை கூறத்தக்கவர் மிகச் சிலரே. ஆயினும் அப்பெயரின் கீழ்ப் பிறந்தவர் பல தலைமுறையினர். ஒரு பெயர் நிலைப்பதற்கு இதைவிடப் பயனுள்ள வழி உண்டோ?

எனினும் யாழ்ப்பாணத்தாருக்கே உரிய கல்லறை வேறொன்று. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று வந்தோர்க்கு ஒரு சிறு நூல் வழங்கப்படும். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிறந்த குடியின் பெருமை, திதி வெண்பா, மனைவி மக்கள் புலம்பல், வம்சாவளி, தேவாரம் ஆகியன அதில் இருக்கும். தாளிலே அச்சிட்ட இந்நூலுக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'கல்வெட்டு'! கல் இல்லாத நாட்டார் தாளையே கல்லாகக் கருதினர் போலும். பிரெஞ்சுக் கற்சிலையின் இலக்கணம் முழுவதும் இதில் அமைந்திருக்கக் காணலாம். கூப்பிய கைக்கு ஈடாகத் தேவாரம். குலச்சின்னத்துக்கு ஈடாக வம்சாவளி. பதவிப் பட்டியலும் தவறாது வரும். முற்காலத்தில் காணியும் உத்தியோகமும் உடையோர்க்கே கல்வெட்டு எழுந்தது. புலவர்க்குக் கூலி கொடுத்துப் பாடுவிக்க அவர்களுக்கே இயலும். இலவசக் கல்வி 1945இல் வந்தபின் இந்நிலை சிறிது சிறிதாக மாறிற்று. தோட்டத்தில் புகையிலை நட்டவரின் மகன் ஆசிரியரானான். தந்தை இறந்தபோது அவருக்கும் ஒரு கல்வெட்டு அச்சிட்டான். கற்சிலை பிரபுவோடு நின்றுவிட்டது. தாட்கல்வெட்டோ உழைப்பவரின் வாசல்வரை இறங்கிற்று. இம்மாற்றம் சிறிதன்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் திரட்டிக் காத்து வருவது, கேஞ்ஞியேர் அன்று செய்த பணிக்கு நிகரான பணி. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமுதாயம் கற்ற பாடம் அது.

ஆயின் கல்வெட்டு எல்லார் வாசலுக்கும் வந்துவிட்ட பின்னும், சுடலை எல்லார்க்கும் பொதுவாகவில்லை. 1944இல், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருவரின் உடலை யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் எரிப்பதற்காகக் கொண்டு சென்றோர்மீது துப்பாக்கி வெடித்தது. முதலி சின்னத்தம்பி என்பவர் உயிரிழந்தார். இறந்த ஒருவரைச் சாம்பலாக்கும் உரிமைக்காக உயிரோடிருந்த ஒருவர் சாக வேண்டியிருந்தது. அதன்பின் தேநீர்க்கடைப் போராட்டமும் 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்தன. கதவுகள் பல திறந்தன. எனினும் இன்றும் குடாநாட்டின் ஊர்கள் பலவற்றில் சுடலைகள் சாதிவாரியாகவே பிரிந்து கிடக்கின்றன. 2017இல் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள், தம் குடியிருப்பின் அருகே பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரி நாட்கணக்கில் போராட நேர்ந்தது. யாருடைய வாசலில் யாருடைய பிணம் எரியலாம் என்னும் கேள்விக்கு நம் சமுதாயம் இன்னும் நேர்மையான விடை கூறவில்லை.

இதனை ஏன் இத்துணை வற்புறுத்துகிறோம் என்றால், நம் இறந்தோரும் அவமதிக்கப்பட்டனர் என்பதனாலேயே. இணுவிலுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ளது கோப்பாய். அங்கிருந்த துயிலும் இல்லம் 1995இன் பின் ஒருமுறை இடிக்கப்பட்டது. 2002இன் போர்நிறுத்தத்தின் பின் மீளக் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்டது. 2011இல் அவ்விடத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. மகனைப் புதைத்த இடம் இதுதான் என்று சுட்டுவதற்கும் ஒரு தாய்க்கு அடையாளம் இல்லாது போயிற்று. 2021 சனவரி 8ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது, மாணவர் உண்ணாவிரதமிருந்தனர், அவ்வாண்டு ஏப்பிரிலில் அது மீண்டும் எழுந்தது. துயிலும் இல்லத்தில் இடம்பெறாத இறந்தோரும் உளர். இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த நாட்களில் சுடப்பட்டு வீதியோரத்தில் கிடந்த இளைஞர்க்கு எவரும் கல் நடவில்லை. அவர்களையும் நம் கணக்கிலே சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1793இல் கல்லறையை உடைத்தவரையும் 2011இல் கல்லறைமேல் கட்டடம் எழுப்பியவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா என்று கேட்கலாம். ஆகாது. முன்னது ஒடுக்கப்பட்டவரின் கோபம். பின்னது வென்ற அரசின் கணக்கு. ஆனால் இரண்டும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்று: இறந்தோர் இடத்தில் கைவைக்கும் எந்த ஆட்சியும் இருப்போரின் நினைவையே குறிவைக்கிறது. அவ்வநீதியை எதிர்க்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அவ்வுரிமைக் குரல் வலிமை பெற வேண்டுமாயின், நம் சுடலையின் வேலியை நாமே பிடுங்க வேண்டும். தன் ஊரில் இறந்தவரைச் சாதி பார்த்துப் பிரிக்கும் ஒருவன், இறந்தவர்க்கு மதிப்பளி என்று அரசை நோக்கிக் கேட்கும்போது, அக்கேள்வியின் பாதி அவனை நோக்கியே திரும்பி வரும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவத் தோழர்களும் இதில் செய்யத்தக்கவை உண்டு. உங்கள் ஊர்த் தேவாலய முற்றத்திலும் கோயில் வீதியிலும் மடத்திலும் கேணிப் படியிலும் உள்ள எழுத்துக்களைப் படியெடுங்கள். அந்நிய மொழியில் இருப்பினும் ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுப் பெட்டிகளில் செல்லரிக்கும் கல்வெட்டுகளைத் திரட்டிப் பொதுநூலகத்தில் சேருங்கள். இவற்றைச் செய்யும்போது ஒவ்வொரு பெயரின் அருகேயும் ஒரு வினாவை எழுதுங்கள்: இக்கல்லைச் சுமந்தவர் யார், செதுக்கியவர் யார், இவருக்காகக் குழி வெட்டியவர் யார்? ஊரின் முதியோரை, சிறப்பாகக் குடிமைத் தொழில் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பத்து முதியோரை, கேட்டு எழுதுங்கள். பிரபுவின் கல்லறையைக் காப்பதும் உழைத்தவனின் பெயரைத் தேடுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள். முதலி சின்னத்தம்பி எதற்காக இறந்தார் என்பதை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எல்லாச் சாதியார்க்கும் பொதுவான ஒரு சுடலை ஊர்தோறும் அமையும் நாளில், அவர் நினைவுக்கு அதைவிட உயர்ந்த கல் வேறு தேவைப்படாது.